தோற்ற யுத்தத்தைப் படம் பிடித்தவர்

விடுதலை பெற்ற தேசம் ஒவ்வொன்றும் தன் விடுதலைச் சரித்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள ஆசைப்படும். அது இயல்பே. வென்ற போர்களுக்கு ஞாபகச் சின்னங்கள் எழும்; வீரர்களுக்குச் சிலைகள் நிறுவப்படும்; பள்ளிக்கூடப் பாடப் புஸ்தகங்களில் சந்தேகத்திற்கு இடமில்லாத வாக்கியங்கள் அச்சேறும். தோற்ற போரை எடுத்துக்கொண்டு, அது ஏன் தோற்றது, யாரால் தோற்றது என்று கேட்பவனைத் தேசத்துரோகி என்று சொல்லவும் சிலர் தயங்கமாட்டார்கள். 1954-ம் வருஷத்தில் இத்தாலி தேசத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒருவர் இருந்தார். அவர் சரித்திராசிரியர் அல்லர். சட்டசபை அங்கத்தினரும் அல்லர். நாடக மேடையிலும், ஆப்பரா என்னும் ஸங்கீத நாடகத்திலும், சினிமாவிலும் ஒருங்கே புகழ் பெற்ற டைரக்டர். லுகினோ விஸ்கோன்டி என்பது அவர் பெயர்.

மாஜினியின் பிரதிக்கினையைப் பாரதியார் தமிழ்ச் செய்யுளாக்கித் தந்த நாள் முதல் இத்தாலியின் விடுதலைக் கதை தமிழருக்கு அந்நியமன்று. மாஜினி கனவு கண்டார், கரிபால்டி வாளேந்தினார், சிதறிக் கிடந்த இத்தாலி ஒன்றாயிற்று என்று நாம் படித்தோம். படித்தது பொய்யன்று. ஆனால் அந்தக் கதைக்கு வேறொரு பக்கமும் உண்டு. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவரின் வாழ்க்கையை இங்கே சொல்லப் புகுகின்றோம்.

லுகினோ விஸ்கோன்டி 1906-ம் வருஷம் நவம்பர் மாதம் 2-ந் தேதி மிலான் நகரில் பிறந்தார். மத்திய காலத்தில் மிலானை ஆண்ட விஸ்கோன்டிகளின் பெயரைத் தாங்கிய பிரபு குடும்பம் அது. தந்தை கியுஸெப்பே ஒரு கோமகன். தாய் கார்லா, எர்பா என்ற பெரிய மருந்துத் தொழில் குடும்பத்தின் செல்வத்துக்கு உரியவள். பழைய குலமும் புதிய தொழிற்செல்வமும் சேர்ந்த அந்த வீட்டில் குழந்தைகள் ஏழு பேர். வீட்டிலேயே நாடக மேடை இருந்தது. டாஸ்கனினி போன்ற ஸங்கீத மேதைகள் பழகிய வீடு அது. தாயின் கண்டிப்பில் சிறுவன் லுகினோ செல்லோ வாத்தியம் பயின்றான்.

மிலானின் ஸ்காலா நாடகசாலைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் இருந்த உறவு சாதாரணமானதன்று. 1897-ல் நகரசபை மானியத்தை நிறுத்தியதால் ஸ்காலாவின் கதவுகள் மூடப்பட்டன. உலகப் பிரசித்தி பெற்ற அந்த மண்டபம் இருண்டு கிடந்தது. லுகினோவின் பாட்டனார் கைடோ விஸ்கோன்டி பிரபு பொறுப்பை ஏற்று, வாலிபராயிருந்த டாஸ்கனினியின் கையில் வாத்திய கோஷ்டியை ஒப்படைத்து, 1898-ல் அதை மீண்டும் திறந்துவைத்தார். அந்த அரங்கில் குடும்பத்துக்கென்று ஓர் இருக்கை மாடம் இருந்தது. பிற்காலத்தில் அதே மேடையில் பேரன் நிகழ்த்திய காரியங்களைப் பின்னர் பார்ப்போம்.

வாலிப வயதில் அவர் செய்ததையெல்லாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை. குதிரைப் படையில் சேவை செய்தார். பிறகு பந்தயக் குதிரைகளை வளர்த்துப் பழக்கினார். முப்பது வயதை நெருங்கும் வரையில் பணக்கார வீட்டுப் பிள்ளை என்ற பெயரைத் தவிர அவருக்கு வேறு பெயர் ஏற்படவில்லை. ஆயினும் குதிரை லாயத்தில் கற்ற பொறுமையும் கண்டிப்பும் பின்னால் நடிகர்களிடம் செலவாயின என்று அவருடன் வேலை செய்தவர்கள் கருதினார்கள். அந்தக் கண்டிப்பு சில சமயம் கொடுமையாகவும் மாறியதுண்டு.

அவர் வாழ்வைத் திருப்பியது பாரிஸ் நகரம். உடை அலங்காரத்தில் பேர் பெற்ற கோகோ ஷனேல் அம்மையார் அவரை ழான் ரெனுவார் என்னும் பிரெஞ்சு டைரக்டரிடம் அறிமுகப்படுத்திவைத்தார். 1936-ல் ரெனுவார் கிராமப்புறத்தில் எடுத்த சிறு படம் ஒன்றில் விஸ்கோன்டி உதவியாளராக அமர்ந்தார். பிரான்ஸில் அப்பொழுது மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்திருந்த காலம். ரெனுவாரைச் சூழ்ந்திருந்தவர்களில் பலர் இடதுசாரிகள். முஸோலினியின் ராஜ்யத்தில் வளர்ந்த இந்தப் பிரபுவுக்கு அங்கே கேட்ட பேச்சுக்கள் புதியவை. கலைஞனும் கூலிக்காரனும் ஒரே மேஜையில் அமர்ந்து அரசியல் பேசுவதை அவர் அங்கேதான் கண்டார். ஊர் திரும்பியபோது பழைய மனிதராகத் திரும்பவில்லை.

1943-ல் அவருடைய முதல் படம் ஒஸ்ஸெஸியோனே வெளிவந்தது. ஜேம்ஸ் கெய்ன் என்னும் அமெரிக்க ஆசிரியரின் நாவல் அதற்கு ஆதாரம். அந்நாவலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை அவருக்குக் கொடுத்தவர் ரெனுவாரே. நாடோடியாய்த் திரியும் ஒருவன், சாலையோரச் சாப்பாட்டுக்கடைக்காரனின் மனைவி, இருவரும் சேர்ந்து செய்யும் கொலை, இவ்வளவுதான் கதை. ஆனால் போ நதிக்கரையின் புழுதி, வியர்வை படிந்த சட்டை, கழுவாத பாத்திரங்கள் குவிந்த சமையலறை, வேலையற்று அலையும் மனிதர்கள் ஆகிய இவையெல்லாம் திரையில் வந்தன. பாஸிஸ்டு ஆட்சியில் சினிமா காட்டிய இத்தாலி வேறு. வெள்ளை டெலிபோன் வைத்த மாளிகைகளும், சிரிக்கும் குடும்பங்களும், வெற்றி பெறும் சேனைகளுமே அதில் நிரம்பியிருந்தன. விஸ்கோன்டியின் நண்பர்கள் எழுதிவந்த சினிமாப் பத்திரிகைக்கு முஸோலினியின் மகன் விட்டோரியோவே ஆசிரியர் என்பது ஒரு விநோதம். சர்வாதிகாரியின் மகன் நிழலில் அமர்ந்துகொண்டே அந்த வாலிபர்கள் உண்மை வாழ்வைக் காட்டும் சினிமா வேண்டும் என்று வாதாடினார்கள்.

படம் வெளிவந்ததும் அதிகாரிகளும் பாதிரிமாரும் சீறினார்கள். ஊருக்கு ஊர் தடை விழுந்தது. மூலச்சுருள் அழிக்கப்பட்டது. விஸ்கோன்டி தம்மிடம் மறைத்துவைத்திருந்த ஒரு பிரதி தப்பியதால்தான் அந்தப் படம் இன்று உலகில் இருக்கிறது. நியோ-ரியலிஸம் என்று யுத்தத்துக்குப் பின் உலகமெங்கும் பேசப்பட்ட இத்தாலிய சினிமா முறைக்கு முதல் அடையாளம் இந்தப் படமே என்று சரித்திரம் எழுதுவோர் பலர் கருதுகின்றனர்.

அதே வருஷம் முஸோலினி வீழ்ந்தான். ஜெர்மானியர் ரோமாபுரியை ஆக்கிரமித்தார்கள். விஸ்கோன்டி தம் வீட்டை எதிர்ப்பு இயக்கத்தாருக்குப் புகலிடமாக்கினார். 1944-ம் வருஷம் ஏப்ரலில் பியத்ரோ கோஹ் என்பவனுடைய கூட்டம் அவரைப் பிடித்தது. சித்திரவதைக்குப் பேர்போன கூட்டம் அது. ஒரு தங்கும் விடுதியையே சிறைச்சாலையாக மாற்றி வைத்திருந்தார்கள். அடுத்த அறையிலிருந்து வந்த அலறல்களைக் கேட்டுக்கொண்டு, தம் முறை எப்பொழுது என்று காத்திருந்த நாட்கள் அவை. ஜூன் 4-ந் தேதி நேசப்படைகள் ரோமில் புகுவதற்கு முன்பே உயிருடன் மீண்டார். மறு வருஷம் கோஹின் விசாரணையில் சாட்சி சொன்னார். 1945 ஜூன் மாதம் அவன் சுட்டுக் கொல்லப்பட்டபோது, எதிர்ப்புப் போர் பற்றிய ஒரு செய்திப் படத்துக்காக அந்தத் தண்டனை நிறைவேறுவதைக் காமிராவில் பதிவு செய்தவரும் அவரே. தம்மைச் சிறை வைத்தவனின் முடிவைத் தம் கண்ணாலும் காமிராக் கண்ணாலும் ஒரே சமயத்தில் பார்த்த டைரக்டர் வேறொருவர் இருப்பாரா என்பது சந்தேகமே.

யுத்தம் முற்றும் ஓய்வதற்கு முன்னரே, 1945 ஜனவரியில், ரோமின் எலிஸெயோ நாடகசாலையில் கோக்தோவின் நாடகம் ஒன்றை மேடையேற்றினார். அந்நாளைய இத்தாலிய நாடக மேடையின் நிலையைச் சற்றுச் சொல்ல வேண்டும். ஊர் ஊராய்ச் சுற்றும் கம்பெனிகள். பிரதான நடிகரே கம்பெனிக்கு ராஜா. சில நாட்களே ஒத்திகை. வசனம் மறந்தால் எடுத்துக்கொடுக்க மேடையின் முன்னால் ஒரு கூண்டில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். விஸ்கோன்டி அந்தக் கூண்டை ஒழித்தார். வாரக்கணக்கில் ஒத்திகை நடத்தினார். பேரும் புகழும் பெற்ற நடிகரும் சிறு வேஷக்காரரும் ஒரே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டார்கள். மேடையில் கடிதம் என்றால் எழுதிய கடிதம்; அலமாரி என்றால் உள்ளே துணி மடித்து வைக்கப்பட்ட அலமாரி. ரினா மொரெல்லி, பவோலோ ஸ்தோப்பா ஆகியவர்களைக் கொண்ட அவர் கோஷ்டியில் விட்டோரியோ காஸ்மன் நடித்தார்; மார்ச்செல்லோ மாஸ்த்ரோயானி என்ற புதிய வாலிபரும் வந்து சேர்ந்தார். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றுக்கு 1948-ல் ஸால்வடோர் டாலியை அழைத்துக் காட்சி அமைக்கச் செய்தார். டென்னஸி வில்லியம்ஸ், ஆர்தர் மில்லர் ஆகிய அமெரிக்கர்களை இத்தாலிய ஜனங்களுக்கு அறிமுகப்படுத்தியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1952-ல் அவர் தயாரித்த செகாவின் மூன்று சகோதரிகள் நாடகம் அவருடைய மேடைப் பணிகளில் தலைசிறந்தவற்றுள் ஒன்று என மதிக்கப்படுகிறது. இருபது வருஷ காலத்துக்குள் இத்தாலியில் டைரக்டர் என்ற பதவிக்கே ஒரு பொருள் ஏற்பட்டதென்றால், அதற்கு அவரும் அவர் தலைமுறையினர் சிலருமே காரணம்.

இத்தகைய மனிதர் 1947-ம் வருஷக் கடைசியில் ஸிஸிலித் தீவின் ஆச்சி த்ரெட்ஸா என்ற மீனவர் கிராமத்துக்குப் போய்த் தங்கினார். கம்யூனிஸ்டுக் கட்சி ஒரு செய்திப் படத்துக்காகக் கொடுத்த சிறு தொகைதான் ஆரம்ப மூலதனம். அது தீர்ந்ததும் தம் உடைமைகளை விற்றுச் செலவு செய்தார். லா தெர்ரா த்ரேமா, அதாவது நிலம் நடுங்குகிறது என்னும் படம் அங்கே ஏழு மாத காலத்தில் உருவாயிற்று. ஜொவான்னி வெர்கா 1881-ல் எழுதிய நாவலைத் தழுவியது. அதில் நடிகர் என்று ஒருவருமில்லை. வலை வீசுகிறவனே வலை வீசுகிறான். கல் சுமக்கிற கொத்தனே கல் சுமக்கிறான். கடற்கரைப் பாறைமேல் கறுப்புத் துணி போர்த்து நின்று, புயலில் போன படகுக்காகக் காத்திருக்கும் பெண்கள் அந்த ஊர்ப் பெண்களே. மொத்த வியாபாரிகள் வைத்ததே மீனுக்கு விலை என்ற நிலையை எதிர்த்து, ஒரு குடும்பம் வீட்டை அடமானம் வைத்துத் தனியே தொழில் தொடங்குகிறது. ஒரு புயலில் படகு உடைகிறது. கடன்காரன் வீட்டை எடுத்துக்கொள்கிறான். மூத்த மகன் முடிவில் அதே வியாபாரிகளிடம் கூலிக்குப் போகிறான்.

வசனத்தை அவர் எழுதிக்கொண்டு போகவில்லை. நிலைமையைச் சொல்லி, நீங்கள் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று அந்த மீனவர்களைக் கேட்டு, அவர்கள் சொன்னதையே வசனமாக வைத்தார். ஆகவே படம் முழுவதும் அவ்வூர்ப் பேச்சிலேயே அமைந்தது. இத்தாலியின் மற்றப் பகுதிகளில் இருந்தவர்களுக்கு அது விளங்கவில்லை. இடையிடையே பொது இத்தாலிய பாஷையில் விளக்கம் சேர்க்க வேண்டியதாயிற்று. ஏழைகளின் தாய்மொழி அவர்கள் தேசத்தின் தலைநகருக்கே புரியவில்லை என்ற உண்மையை, அவர் பிரசங்கம் செய்யாமலே படம் காட்டிவிட்டது. 1948-ல் வெனிஸ் விழாவில் அதற்குப் பரிசு கிடைத்தது. கொட்டகையில் காசு கிடைக்கவில்லை. கடல், சுரங்கம், வயல் என்று மூன்று பாகமாக எடுக்கத் திட்டமிட்டிருந்தார். கடலோடு நின்றது. அந்தப் படத்தில் அவருக்கு உதவியாளராயிருந்த இருவரில் பிரான்செஸ்கோ ரோஸியும் பிராங்கோ ஸெபிரெல்லியும் பிற்காலத்தில் தாமே பெரிய டைரக்டர்களானார்கள்.

இனி, நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட 1954-ம் வருஷத்துப் படத்துக்கு வருவோம். அதன் பெயர் ஸென்ஸோ. கமில்லோ பொயிட்டோ எழுதிய ஒரு சிறு கதையே வித்து. படத்தின் தொடக்கக் காட்சியை ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார். 1866-ம் வருஷம். வெனிஸ் நகரம் ஆஸ்திரியர் ஆட்சியில் இருக்கிறது. லா பெனிச்சே நாடகசாலையில் வெர்டியின் ஸங்கீத நாடகம் நடக்கிறது. கீழ் ஆசனங்களில் வெள்ளை யூனிபாரம் அணிந்த ஆஸ்திரிய ஆபீஸர்கள். மேல் மாடத்தில் இத்தாலிய ஜனங்கள். பாடகன் வாளை உருவி யுத்தப் பாட்டைப் பாடி முடித்ததும், மேல் மாடத்திலிருந்து மூவர்ணத் துண்டுப் பிரசுரங்கள் மழையாய்ப் பொழிகின்றன. அந்நிய ஆபீஸர்கள் திகைத்து எழுந்து நிற்கிறார்கள். மேடையிலிருந்த நாடகம் அரங்கத்துக்குள் இறங்கிவிட்டது. அந்தக் காட்சியில் மண்டபத்தின் வர்ணமும் வேலைப்பாடும் எவ்வளவு நுட்பமாகப் பதிவாயின என்றால், 1996-ல் லா பெனிச்சே தீயில் வெந்து போய், அதை மறுபடியும் பழைய வண்ணமே கட்டி 2003-ல் திறந்தபோது, கட்டினவர்கள் பார்த்துக்கொண்ட சான்றுகளில் இந்தப் படமும் ஒன்றாயிருந்தது.

இப்படித் தொடங்கும் படம் வீரத்தில் முடியும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்து போவார். தேசபக்தர்களுக்கு உதவி செய்துவந்த லிவியா என்னும் சீமாட்டி, ஓர் ஆஸ்திரிய ஆபீஸர்மேல் மோகங்கொள்கிறாள். தொண்டர் படைக்கென்று தன்னிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தை, அவன் யுத்தத்திலிருந்து தப்பித்துக்கொள்ள லஞ்சம் கொடுக்கும்படி அவனிடமே கொடுத்துவிடுகிறாள். மறுபுறத்தில் குஸ்டோஸா யுத்தம். 1866 ஜூன் 24-ந் தேதி நடந்த அந்தப் போரில் இத்தாலியின் பெருஞ்சேனை ஆஸ்திரியரிடம் தோற்றது. தோற்றும், பிரஷ்யாவின் வெற்றியினால் வெனிஸ் பிரதேசம் இத்தாலிக்குக் கிடைத்தது. வெற்றியால் வராத நிலம், கூட்டாளியின் தயவால் வந்த நிலம். பாடப் புஸ்தகங்கள் விரைவாகக் கடந்து செல்லும் ஏடு இது. விஸ்கோன்டி அங்கேயே நின்றார். ராஜாவின் சேனைத் தலைவர்கள் ஜனங்களிலிருந்து வந்த தொண்டர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள் என்பதைத் தெரிவிக்கும் காட்சி ஒன்றை எடுத்தார். விடுதலை மேலிருந்து கொடுக்கப்பட்டது. கீழே இருந்தவர்களைச் சேரவிடவில்லை. பின்னால் வந்த கோணல்களுக்கெல்லாம் அங்கேதான் வேர் என்பது அவர் கட்சி. படத்துக்குக் குஸ்டோஸா என்றே பெயர் வைக்க விரும்பினார்.

பெயர் மாற்றப்பட்டது. தொண்டர்களை மறுக்கும் காட்சி வெட்டப்பட்டது. முடிவும் மாற்றப்பட்டது. குடித்துவிட்டுத் தெருவில் அழும் ஒரு சாதாரணச் சிறு வயது ஆஸ்திரியச் சிப்பாயோடு படத்தை முடிக்க நினைத்திருந்தார். அதற்குப் பதிலாக அந்த ஆபீஸர் சுட்டுக் கொல்லப்படும் காட்சி வந்தது. ராணுவத்தின் மானம் கெடுகிறது என்பது அதிகாரிகளின் ஆட்சேபம். இது 1943 அன்று, 1954. முஸோலினி இறந்து ஒன்பது வருஷம் ஆயிற்று. நடந்தது ஜனங்கள் வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த குடியரசு. சர்வாதிகாரி கையில் இருந்த கத்தரிக்கோலைக் குடியரசு எறிந்துவிடவில்லை, கைமாற்றிக்கொண்டது. தொண்ணூறு வருஷத்துக்கு முந்திய தோல்வியைச் சொன்னால் குலைந்துபோகும் மானம் எத்தகைய மானம் என்று அந்நாளிலேயே கேட்டவர்கள் உண்டு.

அதே வருஷம் டிசம்பர் 7-ந் தேதி, பாட்டனார் திறந்துவைத்த ஸ்காலா மேடையில் பேரன் முதல் ஸங்கீத நாடகத்தை அரங்கேற்றினார். ஸ்பொன்டினியின் லா வெஸ்டாலே அது. கதாநாயகி மரியா காலாஸ். அந்த அம்மையாரின் குரலுக்காகவே தாம் ஆப்பராவில் இறங்கியதாக விஸ்கோன்டி சொல்வதுண்டு. அதுவரையில் ஆப்பராப் பாடகர்கள் மேடையின் முன்னே வந்து, கையை நீட்டி, ஸ்வரத்தைப் பிடித்து நின்று பாடிவிட்டுப் போவதே பெரும்பாலும் வழக்கம். நடிப்பு என்பது ஊறுகாய் மாதிரி. விஸ்கோன்டி பாடகியை நாடக நடிகையாகவே நடத்தினார். 1955 மே மாதம் 28-ந் தேதி ஜியுலினியின் வாத்திய நடத்துதலில் லா திராவியாத்தா அரங்கேறியது. கதையின் காலத்தை அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குத் தள்ளிவைத்தார். விருந்து முடிந்து தனிமையில் பாடும்போது காலாஸ் காற்செருப்பை உதறி எறிந்தார். கடைசியில் தொப்பியும் மேலங்கியும் அணிந்து, புறப்பட நின்றபடியே, திறந்த கண்களுடன் உயிர் விட்டார். பழைமைப் பிரியர்கள் கூச்சலிட்டார்கள். கதாநாயகன் வேஷம் போட்ட பிரபல பாடகர் முதல் நாளோடு விலகிக்கொண்டார். இவ்வளவு எதிர்ப்புக்கும் பிறகு, ஆப்பராவும் ஒரு நாடகமே என்ற எண்ணம் உலகமெங்கும் வேரூன்றியதில் அந்த இரவுக்குத் தனி இடம் ஏற்பட்டுவிட்டது. 1957 வரையில் அவ்விருவரும் சேர்ந்து ஸ்காலாவில் ஐந்து ஸங்கீத நாடகங்களை நடத்தினார்கள். 1958-ல் லண்டன் கோவென்ட் கார்டனில் அவர் மேடையேற்றிய வெர்டியின் டான் கார்லோ அங்கே பல்லாண்டுகள் தொடர்ந்து நடந்துவந்தது.

1960-ல் மறுபடியும் கத்தரிக்கோல். தெற்கு இத்தாலியின் வறண்ட லுகானியாவிலிருந்து பிழைப்புத் தேடி மிலானுக்கு வரும் ஒரு தாயையும் அவள் ஐந்து மக்களையும் பற்றியது, ராக்கோவும் அவன் சகோதரர்களும் என்ற படம். நாட்டின் வடக்கு செல்வத்தில் கொழித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் செல்வத்தைக் கட்டி எழுப்ப ரயிலேறி வந்த தெற்கத்தியாரின் குடும்பங்கள் என்னவாயின என்று அவர் காட்டினார். கொலைக் காட்சியை எடுக்க நினைத்த ஏரியில் மிலான் அதிகாரிகள் அநுமதி மறுத்தார்கள். வேறோர் ஏரிக்குப் போய் எடுத்தார். வெளிவந்தபின் சில காட்சிகளை இருட்டாக்கிக் காட்டும்படி உத்தரவாயிற்று. அடுத்த 1961 பிப்ரவரியில், டெஸ்டோரி எழுதி அவர் டைரக்ட் செய்த லா ஆரியால்டா நாடகமும் ஆபாசம் என்று மிலானில் தடை செய்யப்பட்டது. தாம் பிறந்த நகரத்திலேயே, பிற்பாடு பெருமையாகப் பேசப்படப்போகிற கலைஞருக்குக் கிடைத்த மரியாதை இது.

1963-ல் வந்தது சிறுத்தை என்னும் பொருள்படும் இல் கட்டோபார்டோ. லாம்பெடூஸா என்ற ஸிஸிலிப் பிரபு எழுதி, அவர் இறந்தபின் 1958-ல் வெளியான நாவல். 1860-ல் கரிபால்டி ஸிஸிலியில் இறங்குகிறார். பழைய பிரபு ஒருவர் தம் காலம் முடிவதை அறிந்து ஒதுங்குகிறார். அவருடைய மருமகன் கரிபால்டியோடு சேர்ந்து சண்டையிட்டு, பிறகு புது ராஜ்யத்தின் ஆபீஸராகி, புதுப் பணக்காரன் மகளை மணந்து, மேலே ஏறுகிறான். ஐக்கியத்துக்கு ஜனங்கள் வோட்டுப் போடும் காட்சி ஒன்றுண்டு. அந்த ஊரில் ஒருவர் எதிராக வோட்டுப் போட்டிருக்கிறார். எண்ணி அறிவிக்கும்போது எதிர் வோட்டு ஒன்றுகூட இல்லை. சிறிய பொய்தான். அதைக் காட்டிவிட்டு விஸ்கோன்டி மேலே பேசுவதில்லை. முடிவில் முக்கால் மணி நேரம் நீளும் நடன விருந்து. பாலர்மோவின் காஞ்சி அரண்மனையில், கோடை வெயில் தணிந்த இரவுகளில், நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்திகளின் ஒளியில் எடுத்தார். திரையில் திறந்தே காட்டாத இழுப்பறைகளிலும் அக்காலத்துத் துணிகளை மடித்து வைக்கச் சொன்னார் என்பது அவரைப் பற்றிப் பலரும் சொல்லும் கதை. நடனம் முடிந்த விடியற்காலையில் தூரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. கரிபால்டியின் பக்கம் ஓடிப்போன சிப்பாய்களைப் புது அரசாங்கம் சுட்டுக் கொல்கிறது. வண்டியில் வீடு திரும்புகிறவர்களுக்கு அந்தச் சத்தம் நிம்மதியளிக்கிறது. அந்தப் படத்துக்குக் கான் நகர விழாவில் முதற் பரிசு கிடைத்தது. அமெரிக்காவிலோ அதை வெட்டிச் சுருக்கி, நிறம் மங்கிய பிரதியாய் ஓட்டினார்கள்.

பிற்காலப் படங்களைப் பற்றி அபிப்பிராய பேதம் உண்டு. ஹிட்லர் காலத்து இரும்புத் தொழில் குடும்பம் ஒன்றின் அழிவைச் சொன்ன 1969-ம் வருஷத்துப் படத்தில் ஆவேசம் இருக்கிறது. அளவு இல்லை என்பது நம் எண்ணம். 1971-ல் வந்த வெனிஸில் மரணம் அழகிலே ஆழ்ந்த படம். மாஹ்லரின் ஸங்கீதத்தை லக்ஷக்கணக்கானவர் காதில் சேர்த்தது. ஆனால் அதில் நடிக்க ஸ்வீடனிலிருந்து தேடிப் பிடித்து வந்த சிறுவன், தன்னை ஒரு காட்சிப் பொருள்போல் உலகின் முன் நிறுத்தியதால் தன் வாழ்வு பாழானதாகப் பின்னாளில் மனங் கசந்து சொன்னார். ஆச்சி த்ரெட்ஸா மீனவரிடம் வார்த்தையைக் கேட்டுப் பெற்ற டைரக்டர், அந்தச் சிறுவனிடம் அத்தகைய மரியாதை காட்டவில்லை. ஏவலாட்களும் கலைப்பொருள்களும் நிறைந்த மாளிகையில் வாழ்ந்துகொண்டே கம்யூனிஸ்டுக் கட்சியின் அநுதாபியாக இருந்ததையும் எதிரிகள் ஏளனம் செய்தார்கள். அந்த முரண்பாட்டை அவர் மறைக்கவுமில்லை, தீர்த்துக்கொள்ளவுமில்லை. ஆயினும் தம் வகுப்பாரின் வீழ்ச்சியை உள்ளிருந்து எழுதும் வல்லமை அதனாலேயே அவருக்கு வாய்த்தது.

1972 ஜூலை மாதத்தில், பவேரியாவின் அரசன் லுட்விக்கைப் பற்றிய படத்தை எடுத்துவந்த நேரத்தில், பக்கவாதம் அவரைச் சாய்த்தது. இடது புறம் செயலற்றுப் போயிற்று. படுக்கையிலிருந்து எழுந்ததும் தாய்வழிக் குடும்பத்தின் ஏரிக்கரை மாளிகையில் அமர்ந்து அந்தப் படத்தைத் தொகுத்து முடித்தார். 1973-ல் ஸ்பொலேட்டோவில் புச்சினியின் ஸங்கீத நாடகம் ஒன்றையும் நடத்தினார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மேலும் இரண்டு படங்கள் எடுத்தார். அவற்றுள் கடைசியானது டானுன்ஸியோவின் நாவலைத் தழுவிய லின்னொச்செந்தே. அது கான் விழாவில் திரையேறுவதற்கு முன்பே, 1976 மார்ச் 17-ந் தேதி, ரோமில் காலமானார். வயது அறுபத்தொன்பது.

லுட்விக் படமும் கத்தரிக்குத் தப்பவில்லை. ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓட வேண்டிய அதை வியாபாரிகள் வெகுவாகக் குறைத்து வெளியிட்டிருந்தார்கள். அந்தக் கம்பெனி நொடித்துப் படத்தின் உரிமை ஏலத்துக்கு வந்தபோது, அவருடன் வேலை செய்தவர்கள் பணம் சேர்த்து அதை எடுத்தார்கள். அவர் படங்களில் பலவற்றுக்கு உடனிருந்து கதை எழுதிய ஸூஸோ செக்கி டாமிகோ அம்மையாரும், தொகுப்பாளர் ருஜ்ஜெரோ மாஸ்த்ரோயானியும் வெட்டிய துண்டுகளைத் தேடி எடுத்து உரிய இடங்களில் ஒட்டினார்கள். 1980-ல் வெனிஸ் விழாவில் படம் முழுமையாகக் காட்டப்பட்டது.